இணையத் தொலைபேசி: மாநிலத்துக்கும் ஒரு பிடி வேண்டும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் இருக்கும் உங்களில் பலர் இணையத் தொலைபேசியின் அந்தச் சின்னப் பெட்டியை வைத்திருந்திருப்பீர்கள். ஒரு பக்கம் இணைய வயர், மறுபக்கம் சாதாரண டெலிபோன். ஊருக்குப் போகும்போது அதைச் சூட்கேசில் போட்டு எடுத்துப் போனவர்களும் உண்டு. மதுரையில் மாமனார் வீட்டுக் கூடத்தில் செருகினால் போதும், மினியாபொலிஸ் எண்ணுக்கு வரும் அழைப்பு அங்கே மணியடிக்கும். கூப்பிட்டவருக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியாது. எண்ணைக் கொடுத்த கம்பெனிக்கும் சரியாகத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் போனை மாநிலம் கட்டுப்படுத்தலாமா என்ற வழக்கே இதைச் சுற்றித்தான்.

1934-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, மாநிலத்துக்குள் முடியும் அழைப்பு, டெலிபோன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தின் பொறுப்பு. எல்லை தாண்டினால் எஃப்.சி.சி. எனும் மத்திய ஆணையத்தின் பொறுப்பு. 2003-இல் மினசோட்டா மாநில ஆணையம், இணையத் தொலைபேசி தரும் வோனேஜ் நிறுவனத்தை அழைத்து, நீங்களும் டெலிபோன் கம்பெனிதான், உரிமம் வாங்குங்கள், 911 எனும் அவசர உதவி எண்ணுக்கான ஏற்பாட்டைக் காட்டுங்கள் என்றது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 2004 நவம்பரில் எஃப்.சி.சி.யும் கம்பெனி பக்கம் நின்றது. எந்த அழைப்பு மாநிலத்துக்குள், எது வெளியே என்று பிரிக்கவே முடியாது, ஆகவே மாநில விதி செல்லாது என்றது. மதுரை வரை போகிற பெட்டிக்கு அந்த வாதம் பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 911? 2005 பிப்ரவரியில் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் துப்பாக்கியோடு திருடர்கள் புகுந்தார்கள். அப்பா அம்மா இருவரையும் சுட்டார்கள். பதினேழு வயது மகள் வீட்டிலிருந்த வோனேஜ் போனை எடுத்து 911 அடித்தாள். கேட்டது பதிவுசெய்த குரல்: இந்த இணைப்பில் 911 கிடையாது என்று. அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்கு ஓடித்தான் உதவி கேட்டாள். அவளுக்கு அது போன், அவ்வளவுதான். உள்ளே என்ன தொழில்நுட்பம் என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

அடுத்த மாதமே டெக்சாஸ் மாநிலம் வோனேஜ் மீது வழக்குப் போட்டது. மே மாதம்தான் எஃப்.சி.சி. 911 இணைப்பைக் கட்டாயமாக்கி, 120 நாள் கெடு கொடுத்தது. திரும்பவும் சொல்கிறேன்: டெக்சாஸ் மார்ச்சில், எஃப்.சி.சி. மே மாதத்தில். மக்களின் புகார் முதலில் வந்து சேருவது மாநிலத்திடம்தான்.

அப்புறம் கேபிள் டிவி கம்பெனிகள் தரும் கேபிள் போன். இது சூட்கேசில் போகாது, வீட்டோடு கிடக்கும். 2013-இல் சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனம் மினசோட்டாவில் சுமார் ஒரு லட்சம் வாடிக்கையாளர்களைத் தன் இன்னொரு கம்பெனிக்கு மாற்றி, இனி மாநில விதி எங்களுக்கில்லை என்றது. குரல் போகும் வழியில் அதன் வடிவம் மாறுவதால் இது டெலிபோன் சேவை அல்ல, மாநில விதிக்கு உட்படாத தகவல் சேவை என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2019-இல் விசாரிக்க மறுத்துவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவரோடு நிற்கிற போன் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதில் என்ன சந்தேகம்?

கலிபோர்னியா பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது. 2012-இல் இணைய போன் விஷயத்தில் மாநில ஆணையத்தின் கையைக் கட்டிய சட்டம் 2020-இல் காலாவதியானது. 2024-இல் ஆணையம் இணைய போன் கம்பெனிகளுக்கு உரிம முறையைக் கொண்டுவந்தது. ஒன்று மட்டும்: இணைய போனோடு வீடு மாறியவர்கள், உங்கள் 911 முகவரியை இன்றே கம்பெனியிடம் மாற்றச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.