முக்கால் தொட்டியும் முப்பது நிமிடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி ஜோகூர் போகும் சிங்கப்பூர் கார்களில் பெட்ரோல் முக்கால் தொட்டியாவது இருக்க வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் முள்ளை அதிகாரி பார்த்தால் போதும், விஷயம் முடிந்தது. ஆனால் சிலேத்தார் விமான நிலையத்தில் இருந்து கிளம்பும் சிறு விமானத்தில் முள்ளை மட்டும் நம்பிப் புறப்படவே கூடாது.

காரணம் எளிது. இறக்கைக்குள் இருக்கும் தொட்டி அகலமானது, ஆழம் குறைந்தது. உள்ளே மிதவை ஒன்று கிடக்கிறது. விமானம் சரிந்தால் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவையும் கூடவே போகும், முள் ஆடும். அதனால்தான் ஏணி வைத்து ஏறி, மூடியைத் திறந்து, அந்த ரக விமானத்துக்கென்றே அளவு குறித்த குழாயைத் தொட்டியின் அடிவரை நேராக விடுகிறார்கள். மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால், குழாய்க்குள் நீல நிறத்தில் எரிபொருள் நிற்கும். அந்த நீலம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. விமானம் சமதரையில் நின்றால்தான் இந்த அளவு சரியாக வரும். அளந்தபின் மூடியைச் சரியாகப் பூட்டுவது அளப்பதைவிட முக்கியம். மூடி தளர்ந்திருந்தால், பறக்கும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் எரிபொருள் வெளியே உறிஞ்சப்பட்டுவிடும். நம்மூர் மழையில் அதே மூடி வழியாகத் தண்ணீரும் இறங்கும். ஆகவே தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்கத் தவறக் கூடாது.

அடுத்து, லிட்டரை நிமிடமாக மாற்ற வேண்டும். செஸ்னா 172எஸ் விமானத்தில் பயன்படுத்தத் தக்க எரிபொருள் ஏறத்தாழ 200 லிட்டர். பாதித் தொட்டி, அதாவது 100 லிட்டர், இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 34 லிட்டர் என்றால் 2 மணி 56 நிமிடம் பறக்கலாம். இது காற்றோடு கலக்கும் எரிபொருளை முறையாகக் குறைத்து ஓட்டினால் கிடைக்கும் கணக்கு. கலவையைக் குறைக்காமல் 42 லிட்டர் எரித்தால் 2 மணி 23 நிமிடம்தான். போன 33 நிமிடத்தைக் கவனியுங்கள். அமெரிக்க விதிப்படி, பகலில் கண்பார்வையை நம்பிப் பறப்பவர் கையிருப்பாக வைத்திருக்க வேண்டிய நேரமே 30 நிமிடம்தான்! கலவையைக் குறைக்கும் ஒரு கைப்பிடியை இழுக்க மறந்ததில் கையிருப்பு முழுவதும் கரைந்துவிட்டது. இயந்திரத்தை முடுக்கி, ஓடுபாதைவரை ஊர்ந்து செல்ல ஆகும் 5 லிட்டரை நான் இன்னும் கழிக்கவில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017ல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2011 முதல் 2015 வரை எரிபொருள் நிர்வாகக் கோளாறால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்ததாகச் சொல்கிறது. அவற்றில் 95 விழுக்காட்டில் விமானியின் தவறுக்குப் பங்கு உண்டு. 56 விழுக்காட்டில் எரிபொருள் தீர்ந்துபோனது. மனத்தை அறுப்பது இன்னொரு 35 விழுக்காடு: விமானத்தில் எரிபொருள் இருந்தது, இயந்திரத்துக்குத்தான் போய்ச் சேரவில்லை.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12ல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவருடைய லாங் ஈஸி விமானத்தில் தொட்டி மாற்றும் கைப்பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப உடலை முறுக்கியபோது கால் விமானத்தைத் திருப்பும் வலப்பக்க மிதியை அழுத்த, கட்டுப்பாடு தப்பியிருக்கிறது. கைப்பிடி எங்கே இருக்கிறது, பார்க்காமலே கைக்கு எட்டுகிறதா என்பதைத் தரையிலேயே பழகிவிட வேண்டும்.

பைப்பர் வாரியர் போன்ற விமானங்களில் இரு தொட்டியிலிருந்தும் ஒருசேர எடுக்கும் வசதி கிடையாது. கடிகாரம் பார்த்து அரை மணிக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். தரையிலிருந்து எழும்புவதற்குச் சற்று முன் மட்டும் மாற்றவே கூடாது. மாற்றிய தொட்டியிலிருந்து எரிபொருள் வராவிட்டாலும், இயந்திரத்துக்குப் போகும் குழாயில் மிச்சம் இருக்கும் எரிபொருளில் விமானம் எழும்பிவிடும், சில நூறு அடியில் இயந்திரம் நிற்கும்.

வானத்தில் இயந்திரம் இருமினால் முதலில் மூக்கைத் தாழ்த்தி, இயந்திர உதவியின்றி மிதக்கும் வேகத்தைப் பிடியுங்கள். 172எஸ்ஸுக்கு அது 68 நாட் (மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீட்டர்). பிறகு தொட்டியை மாற்றி, பம்பைப் போட்டு, கலவையை முழுதாக விடுங்கள். 3,000 அடியில் இருந்தால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மிதக்கலாம்.

அந்த நிலைக்கு வருமுன்பே வாயைத் திறக்கலாம். சுமத்ரா சூறைக்காற்று சிலேத்தாரை மறைத்து, காத்திருக்கச் சொன்னால் ‘மினிமம் ஃபியூவல்’ என்று கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுங்கள். அது முன்னுரிமை கேட்பதாகாது; இனித் தாமதமானால் கையிருப்பில் கைவைக்க நேரும் என்ற தகவல். கையிருப்பைத் தின்றுதான் இறங்க முடியும் என்று கணக்கு சொல்லிவிட்டால் ‘மேடே, மேடே, மேடே, ஃபியூவல்’ என்று அபாய அழைப்பு விடுங்கள். அப்போது வழி விட்டுக் கொடுப்பார்கள், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜோகூரின் செனாய் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம்.