கிராம சபையில் தீர்மானம் போடுவது எப்படி?

[திரையில்: ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகை]

குரல்: ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு. மன்றத்தில் தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான் இருப்பார்கள். கிராம சபையில் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே உறுப்பினர்கள். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73வது அரசியலமைப்புத் திருத்தம் இந்தச் சபைக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம், 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம்.

[திரையில்: நாட்காட்டி, ஆறு தேதிகளில் வட்டம்]

குரல்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் சபை கூடுவது நெடுநாள் வழக்கம். மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் பின்னால் சேர்ந்தவை. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், இருக்க வேண்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பல ஊர்களில் கூட்டம் சப்பென்று முடிவது இங்கேதான். உங்கள் தெருப் பிரச்சினைக்கு உங்கள் தெருவிலிருந்தே இருபது பேராவது வந்து உட்காருங்கள்.

[திரையில்: தீர்மானப் புத்தகத்தின் ஒரு பக்கம், நெருக்கத்தில்]

குரல்: சபையின் உயிர் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் பேசினாலும், இதில் ஏறாத பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். எழுதும் விதம் முக்கியம்.

"தெற்குத் தெரு தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்." இப்படி எழுதினால் யார், எதை, எப்போது செய்வது என்று யாருக்கும் பொறுப்பு வராது.

"தெற்குத் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து 30 நாட்களுக்குள் பழுது நீக்கித் தர இச்சபை தீர்மானிக்கிறது." இதில் இடம், வேலை, பணம், கெடு நான்கும் இருக்கின்றன. அடுத்த சபையில் "என்ன ஆயிற்று?" என்று கேட்கப் பிடி கிடைக்கும்.

கையெழுத்தில் கவனம் தேவை. வருகைப் பதிவுக்குக் கையெழுத்து வாங்குவது முறைதான். கோரம் கணக்கிட அது வேண்டும். தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள். எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கீழே மிச்சமிருக்கும் இடத்தைக் கோடு போட்டு அடைத்த பிறகு கையெழுத்திடுங்கள்.

வரவு செலவு கணக்கு படிவம் 30-இல் சபை முன் வைக்கப்படும். மொத்தத் தொகையை மட்டும் படித்துவிட்டுப் போனால் விடாதீர்கள். தெருவிளக்குப் பராமரிப்பு, குடிநீர் மோட்டார், குளோரின் பவுடர் என்று தலைப்புவாரியாகக் கேளுங்கள்.

[திரையில்: ஒடிசா வரைபடம், நியம்கிரி மலை]

குரல்: தீர்மானத்துக்கு எவ்வளவு பலம்? அது எந்தச் சட்டத்தின் கீழ் போடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்ற வழக்கில், வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைகள் முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. தனியார் பட்டா நிலம், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு ஆகியவற்றில் கிராம சபைக்கு இந்த அளவு பலம் கிடையாது.

[திரையில்: தகவல் உரிமை மனு மாதிரி]

குரல்: தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. தேதியைக் குறிப்பிட்டு, "அன்றைய கிராம சபையின் தீர்மானப் புத்தகப் பக்கங்கள், வருகைப் பதிவு" என்று தெளிவாகக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.