கோழியை விடுங்கள், காசைக் கொடுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"யூத மரபில் விலங்கு காணிக்கைக்கு உரியதா, கருணைக்கு உரியதா?" என்பது தலைப்பு. நான் கருணையின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு கன்றுக்குட்டியோடு தொடங்கினார். வெட்டுவதற்காகக் கொண்டுபோன கன்று ஓடிவந்து, ரப்பி, அதாவது யூத மதகுரு, யூதா ஹநாசியின் மேலாடைக்குள் தலையைப் புதைத்து அழுதது. அவரோ, "போ, இதற்காகத்தானே நீ படைக்கப்பட்டாய்" என்று சொல்லிவிட்டார். மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்ட நூலைத் தொகுத்த பெரியவரே சொன்ன பிறகு வேறென்ன பேச்சு என்று கேட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அமர்ந்தார்.

ஐயா, பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே! மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதில், பாவா மெட்சியா என்ற பகுதியில் வருகிற கதை இது. "இவர் இரக்கம் காட்டவில்லை, இவருக்கு நோவு வரட்டும்" என்று விண்ணில் தீர்ப்பாகிறது. 13 ஆண்டுகள் அவர் வலியில் துடிக்கிறார். பிறகு ஒருநாள் வேலைக்காரப் பெண் வீட்டைப் பெருக்கும்போது, கீரி போன்ற ஒரு சிறு விலங்கின் குட்டிகளைக் குப்பையோடு தள்ளப் பார்க்கிறாள். "விட்டுவிடு, இறைவனின் இரக்கம் அவன் படைப்புகள் அனைத்தின்மேலும் உள்ளது என்று வேதத்தின் சங்கீத நூல் சொல்கிறதே" என்கிறார் ரப்பி. வலி நீங்குகிறது. நீங்கள் மேற்கோள் காட்டிய வாக்கியத்துக்கு அவர் பட்ட தண்டனை அது.

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஆதாமுக்கு விதையும் கனியும்தான் உணவு என்றாலும், நோவாவுக்குப் பிறகு இறைச்சிக்கு அனுமதி உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்து 1893இலும் நாஜி ஜெர்மனி 1933இலும் யூத அறுப்பு முறையைத் தடுக்கச் சட்டம் போட்டது மாட்டின் மீதிருந்த பாசத்தால் மட்டும் என்று நான் நம்பவில்லை. யூதர்மேல் இருந்த வெறுப்பு ஜீவகாருண்ய வேடம் போட்டுக்கொண்டு வந்த காலங்கள் அவை. என்னை அந்த வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். யூத நூல்களையே கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சடங்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கப்பாரோத். யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளுக்கு முந்தைய நாட்களில் ஆணுக்குச் சேவல், பெண்ணுக்குப் பெட்டை. சிறகுகளை முதுகுப்பக்கம் சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி, "இது எனக்கு மாற்று, இது எனக்கு ஈடு, இது சாவுக்குப் போகும், நான் நல்வாழ்வுக்குப் போவேன்" என்று சொல்கிறார்கள். பிறகு அறுத்து ஏழைக்குக் கொடுக்கிறார்கள். எருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் இன்றும் தெருவோரம் பிளாஸ்டிக் கூண்டுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. நடைபாதையில் சுற்றுவதற்குக் கூட்டம் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும் கோழிக்குத் தண்ணீர் வைக்கத்தான் ஆள் இருப்பதில்லை.

ஏன் சேவல்? எபிரேயத்தில் 'கெவெர்' என்றால் மனிதன், தல்மூத் வழக்கில் சேவலுக்கும் அதே பெயர். ஒரு கெவெருக்கு இன்னொரு கெவெர் ஈடு என்கிறார் எதிரணித் தோழர். அருமையான சிலேடை. நம் புலவர்களாக இருந்தால் ஒரு வெண்பாவோடு நிறுத்தியிருப்பார்கள்.

அடுத்து, அறுப்பதிலேயே கருணை இருக்கிறது என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஷோகெத் எனப்படும் அறுப்பவர் கத்தியின் விளிம்பை விரல் நுனிச் சதையிலும் நகத்திலும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார். மயிரிழை அளவு பிசிறு நகத்தில் தட்டினாலும் அந்தக் கத்தி ஆகாது. நடுவில் நிறுத்தக்கூடாது, அழுத்தக்கூடாது, கிழிக்கக்கூடாது. கடைசி நொடிக்கு இத்தனை காவல் போட்ட சட்டம், அதற்கு முந்தைய இரவைக் கூண்டுக்குள் பட்டினியோடு கழிக்கச் சொல்லியிருக்குமா? உன் மாட்டுக்குத் தீனி வைக்காமல் நீ உண்ணாதே என்பதும் அதே தல்மூதில்தானே இருக்கிறது!

சரி, இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது? யூத வேதமான தோராவில் இல்லை, தல்மூதிலும் இல்லை. தல்மூதுக்கு உரை எழுதிய ராஷி ஒரு பழைய வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். யூதப் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, ஈச்ச ஓலைக் கூடையில் மண்ணும் எருவும் போட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் பயறு விதைப்பார்கள். முளைத்து வளர்ந்ததும், புத்தாண்டுக்கு முந்தைய நாள் தலையைச் சுற்றி ஏழு முறை சுற்றி, "இது எனக்கு மாற்று, இது எனக்கு ஈடு" என்று சொல்லி ஆற்றில் எறிவார்கள். முளைப்பாரி தூக்கியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே சொற்கள், அதே சுற்றல். ஒரு துளி இரத்தம் இல்லை.

கோழிக்கு எதிரான குரலும் இன்றைக்குக் கிளம்பியது அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவின் ரப்பியான ராஷ்பா தம் ஊரில் இதை நிறுத்தினார். சட்டத் தொகுப்பான ஷுல்கான் அருக்கில் யோசேப் காரோ, இது தடுக்கப்பட வேண்டிய வழக்கம் என்று எழுதினார். நம் காலத்தில் டெல் அவிவின் தலைமை ரப்பியாக இருந்த ஹாயிம் டேவிட் ஹலேவியும் இதை எதிர்த்தார்.

எதிரணி கையில் ஒரு பெரிய சீட்டு உண்டு: போலந்தின் கிராக்கோ நகர ரப்பி ரேமா, ஷுல்கான் அருக்குக்குக் குறிப்புகள் எழுதியவர். கோழி வழக்கத்தைக் கைவிடக்கூடாது என்றவர் அவர்தான். அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். புதுத்துணி உடுத்தியவரை, "இது கிழியட்டும், இன்னொன்று வாங்கு" என்று வாழ்த்துவது வழக்கம். தோல் செருப்புக்கு அந்த வாழ்த்தைச் சொல்லக்கூடாது என்ற கருத்தை ரேமா எடுத்து எழுதுகிறார். இன்னொரு செருப்பு என்றால் இன்னொரு விலங்கு சாக வேண்டுமே! காரணம் வலுவற்றது என்று அவரே முணுமுணுக்கிறார். ஆனாலும் பலர் இதில் கவனமாக இருக்கிறார்கள் என்று சேர்க்காமல் அவரால் விட முடியவில்லை.

ஏழைக்கு இறைச்சி போகிறது என்பீர்கள். காசும் ஏழைக்குத்தான் போகிறது. துணியில் முடிந்த காசைச் சுற்றுகிற யூதக் குடும்பங்கள் இன்று ஏராளம். தருமக் காசைப் பதினெட்டின் மடங்காகக் கொடுப்பதும் அவர்கள் வழக்கம். எபிரேயத்தில் 'ஹய்' என்ற சொல்லின் எண் மதிப்பு 18. அதன் பொருள் 'உயிரோடு இருப்பது'.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே கேள்வி. யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் தோல் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிச் செருப்போடு தொழுகைக்குப் போகிறார்கள். அடுத்த உயிரின் தோலைப் போட்டுக்கொண்டு எப்படி இரக்கம் கேட்பது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. மாலையில் அந்தச் செருப்பைக் கழற்றப் போகிற கால்கள், அதே நாள் விடிகாலையில் கோழிக் கூண்டின் முன் எதற்காக வரிசையில் நிற்கின்றன?