ஆர்னோ ஆறும் புளோரன்ஸ் நகரமும்

அவைத்தலைவர் அவர்களே, கலை ஆர்வலர்களே, வணக்கம்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்கு அருகே, சான் ரெமிஜியோ தெருவும் நேரி தெருவும் சந்திக்கும் முனையில், ஒரு கட்டடத்தின் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கீழே இருப்பது, 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆற்றின் வெள்ளம் ஏறிய மட்டத்தைச் செதுக்கப்பட்ட ஒரு கையின் விரலால் சுட்டுகிறது. அதற்கும் மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில், 1966ஆம் ஆண்டு வெள்ளத்தின் குறி இருக்கிறது. அதுவும் நவம்பர் 4தான். நாள் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்றாலும், பருவம் ஒன்றாக அமைந்ததில் தற்செயல் எதுவும் இல்லை. இலையுதிர்கால மழைதான் ஆர்னோவின் வெள்ளக் காலம் என்பதை அந்நகரத்தார் பல நூற்றாண்டுகளாக அறிவார்கள்.

ஃபால்தெரோனா மலையில் பிறந்து 241 கிலோமீட்டர் ஓடி, பைசா நகரைக் கடந்து கடலில் கலக்கும் இந்த ஆறு, கோடையில் கால்வாய் போல மெலிந்துவிடும். ஆனால் மலைச்சரிவுகளில் பெருமழை கொட்டினால் நீர் தங்குவதற்கு இடமின்றி விரைந்து இறங்குகிறது. நகருக்குச் சற்று மேலே சியேவே என்ற துணையாறும் வந்து சேர்ந்துகொள்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் வெள்ளம் உச்சத்தை எட்டினால் புளோரன்சுக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான். 1966இல் நடந்தது இதுதான். நகருக்குள் ஆற்றின் கொள்ளளவு அன்று வினாடிக்குச் சுமார் 2,500 கன மீட்டர். வந்த வெள்ளமோ 4,000 கன மீட்டருக்கும் மேல் என்று கணிக்கப்பட்டுள்ளது. மிஞ்சிய நீர் தெருக்களில் பாய்ந்தது. மேலே இருந்த லெவானே, லா பென்னா அணைகளிலிருந்து இரவில் நீரைத் திறந்துவிட்டதே அழிவுக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நீடித்தது. அந்த அணைகள் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை, வெள்ளத்தைத் தாங்குவதற்காக அல்ல. வந்த நீரின் அளவோடு ஒப்பிட்டால் அவற்றின் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன்.

அன்று தேசிய விடுமுறை. அலுவலகங்களும் கடைகளும் மூடிக்கிடந்தன. பொந்தே வெக்கியோ பாலத்தில் கடை வைத்திருந்த பொற்கொல்லர்களுக்கு இரவுக் காவலர் தகவல் சொன்னதால் அவர்களில் சிலர் ஓடிவந்து நகைகளை எடுத்துச் சென்றார்கள். ஊர் மக்களுக்கோ முறையான எச்சரிக்கை எதுவும் வரவில்லை. நகரிலும் சுற்றுப்புறத்திலும் 35 பேர் இறந்தார்கள். கலைப் பொருள்களைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தைப் பற்றிய பல உரைகளில் அந்த உயிர்கள் ஒரு வரியோடு மறக்கப்பட்டுவிடுகின்றன.

குளிர்காலத்துக்காக நிலவறைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்த எரியெண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. ஆகவே புளோரன்சுக்குள் புகுந்தது வெறும் நீரன்று. சேறும் சாக்கடையும் எண்ணெயும் சேர்ந்த கரிய குழம்பு. ஞானஸ்நான மண்டபத்தில் கிபெர்ட்டி வார்த்த 'சொர்க்க வாயில்' கதவின் பத்துப் பலகங்களில் ஐந்து பிய்த்தெறியப்பட்டன. அங்கிருந்த தொனாதெல்லோவின் மரச்சிற்பமான மகதலேனா மீது எண்ணெய் படிந்தது. அதைச் சுத்தம் செய்தபோது, பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த முதல் வண்ணமும் முடியில் இருந்த பொன்பூச்சும் வெளிப்பட்டன. அழிவினூடே கிடைத்த அரிய பேறு அது.

மிகப் பெரிய இழப்பு, 13ஆம் நூற்றாண்டில் சிமாபுவே தீட்டிய சிலுவை ஓவியத்துக்கு நேர்ந்தது. சாந்தா குரோச்சேயின் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் பெரிய மரச்சிலுவை நீரைக் குடித்து ஊறியது. மரத்தின் மேல் துணி ஒட்டி, அதன்மேல் ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த அடிப்பூச்சு பூசி, அதன்மேல் தீட்டப்பட்ட ஓவியம் அது. நீர் பட்டதும் பசை கரைந்தது, மரம் உப்பியது, வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. சேற்றில் மிதந்த அந்தச் சில்லுகளை மனிதர்கள் கையால் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஆயினும் வண்ணப்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு போய்விட்டது. உம்பெர்த்தோ பால்தினியும் ஓர்னெல்லா காசாட்சாவும் அதைச் சீரமைத்த முறை இன்றும் விவாதிக்கப்படுகிறது. இழந்த முகத்தையும் உடலையும் ஊகித்து வரைய அவர்கள் முன்வரவில்லை. வெற்று மரமாக விட்டுவிடவும் இல்லை. எஞ்சியிருந்த வண்ணங்களின் ஒட்டுமொத்தச் சாயலிலிருந்து சில நிறங்களைத் தேர்ந்து, நுண்ணிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து அந்த இடங்களை நிரப்பினார்கள். தூரத்திலிருந்து நோக்கினால் கண் தடுமாறாமல் உருவத்தை முழுமையாகப் பற்றிக்கொள்கிறது. நெருங்கினால் எது சிமாபுவேயின் கை, எது பிற்காலத்தவர் கை என்பது ஐயமின்றித் தெரிகிறது. இதைவிட நேர்மையான சீரமைப்பை நான் அறியேன்.

ஆற்றின் கரையிலேயே அமைந்த தேசிய மைய நூலகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் நனைந்தன. பல நாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று, சேறு படிந்த தொகுதிகளைக் கைமாற்றி மேலே கொண்டுவந்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று அவர்களை ஊர் அழைத்தது. நூல்களுக்கிடையே மரத்தூள் தூவினார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளுக்குக்கூட அனுப்பி உலர்த்தினார்கள். பீட்டர் வாட்டர்ஸ் போன்ற பிரிட்டிஷ் நூற்கட்டுக் கலைஞர்கள் அங்கு வகுத்த முறைகளிலிருந்துதான் இன்றைய நூல் பாதுகாப்புத் துறை பெருமளவு வளர்ந்தது.

வசாரி 1546இல் தீட்டிய 'இறுதி இராவுணவு' ஓவியத்தின் ஐந்து பலகைகளும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீரில் கிடந்தன. வண்ணம் உதிராதிருக்க அவற்றின்மேல் மெல்லிய தாளை ஒட்டிக் கிடங்கில் வைத்தார்கள். உலர்ந்தபோது மரம் சுருங்கியது. வண்ணப்படலம் அதற்கேற்பச் சுருங்கவில்லை. சிக்கலைத் தீர்க்கும் வழி பல்லாண்டுகளுக்குப் பிறகே கைவந்தது. 2016இல் அந்த ஓவியம் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குத் திரும்பியது. வெள்ள எச்சரிக்கை வந்தால் அதை உயரே தூக்கிவிடும் பொறியையும் உடன் அமைத்திருக்கிறார்கள்.

அந்தப் பொறியைப் பற்றி எண்ணும்போதுதான் எனக்கு மனம் உறுத்துகிறது. ஓவியத்தை உயரே தூக்க வழி கண்டவர்களால், ஆற்றைத் தாழ்த்த இன்னும் முழுமையாக முடியவில்லை. ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பாலங்களின் அடியில் ஆற்றுப்படுகையை ஆழப்படுத்தினார்கள். சியேவேயின் குறுக்கே 69 மில்லியன் கன மீட்டர் கொள்ளும் பிலான்சினோ நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். ஆனாலும் வெள்ளத்தின் 50ஆம் ஆண்டையொட்டி அமைந்த பன்னாட்டு நிபுணர் குழு, நகரம் இன்னும் ஆபத்திலிருந்து நீங்கவில்லை என்றே கூறியது. நகருக்கு மேலே ஆற்றோரம் உள்ள ஃபிலீனே பகுதியில் வெள்ளநீரைத் தற்காலிகமாகத் தேக்கும் தாங்கல்களும், லெவானே அணையை உயர்த்தும் திட்டமும் பல பத்தாண்டுகளாக இழுபறியில் நகர்ந்து வந்திருக்கின்றன.

காரணம் புரியாததன்று. சிதைந்த ஓவியத்துக்கு உலகெங்கிலுமிருந்து பணம் வருகிறது. மேல்நிலத்தில் உழவரின் வயலை வாங்கி, ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடக்கும் ஒரு தாங்கலை வெட்டுவதற்கு அப்படி யாரும் நன்கொடை திரட்டுவதில்லை. பெருவெள்ளங்களுக்கிடையே ஒரு தலைமுறையோ பல தலைமுறைகளோ கடந்துவிடுவதால், ஆட்சியாளர்களுக்கும் அவசரம் தோன்றுவதில்லை. எனவே புளோரன்சின் கலையை நேசிக்கும் அமைப்புகள், அருங்காட்சியகங்களுக்குத் தரும் நிதியில் ஒரு பகுதியையேனும் ஆற்றின் மேல்நிலப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஃபிலீனேயின் வயல்வெளியில் வெட்டப்படும் தாங்கலும் சிமாபுவேயின் சிலுவைக்குச் செய்யும் பாதுகாப்புதான்.