தபாலில் போன முகங்கள்

நண்பர்களே, யூதர்களின் படுகொலை என்றதும் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? கோடு போட்ட உடுப்பு, முள்வேலி, காலணிக் குவியல், எலும்பும் தோலுமாக நிற்கும் மனிதர்கள். அந்தப் படங்களில் நிறைய ஜெர்மானியர்களே எடுத்தவை, இன்னும் நிறைய 1945இல் முகாம்களுக்குள் நுழைந்த படைகளோடு போனவர்கள் எடுத்தவை. ஒன்று கொன்றவன் கையில் இருந்த கேமரா, இல்லையென்றால் எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்தவன் கேமரா. செத்தவர்கள் உயிரோடு இருந்தபோது, தலை வாரி, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, காசு கொடுத்துத் தாங்களாக எடுத்துக்கொண்ட படங்கள் என்ன ஆயின? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஐஷிஷோக். இன்று லிதுவேனியாவில், பெலாரஸ் எல்லை ஓரத்தில் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் போலந்தில் இருந்தது. சின்ன ஊர்தான், சந்தை கூடும் ஊர், யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஊர். அங்கே யிட்ஸ்ஹாக் ஊரி காட்ஸ், அவர் மனைவி ஆல்டே காட்ஸ் இருவரும் போட்டோ எடுப்பவர்கள். நம் ஊர் பழைய ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிந்த மாதிரி அவர்களுக்கும் ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்பது, சைக்கிளோடு நிற்கும் வாலிபர்கள், நாடகம் போட்ட கோஷ்டி, காட்டுப்பக்கம் சாப்பாட்டு மூட்டையோடு உல்லாசமாகப் போன பெண்கள் என்று அந்த ஊரின் வாழ்க்கை அப்படியே படமாகிக்கொண்டிருந்தது.

1941 செப்டம்பர் 21. அன்று மாலை யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஊர் யூதர்களையும் சுற்றுப்பட்டு யூதர்களையும் திரட்டி அடைத்தார்கள். 25ஆம் தேதி ஆண்களை, 26ஆம் தேதி பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மன் கொலைப்படையோடு உள்ளூர் லிதுவேனிய ஆட்களும் சேர்ந்து செய்த வேலை. அந்தப் படைப்பிரிவின் தலைவன் கார்ல் யேகர் அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினான். கடைக்காரர் இருப்புக் கணக்கு எழுதுவதைப்போல ஊர் வாரியாகப் பட்டியல். அதில் ஐஷிஷோக்குக்கு ஒரு வரி: ஆண்கள் 989, பெண்கள் 1,636, குழந்தைகள் 821. பெயர் ஒன்றும் கிடையாது.

சரி, ஆட்களே போய்விட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, அப்புறம் படங்கள் எப்படி மிஞ்சின? ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் சிலர் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் இதில் பெரிய பங்கு தபால்காரருக்குத்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் குடிபெயர்ந்துகொண்டே இருந்தார்கள். 1924இல் அமெரிக்கா நாட்டுக்கு இத்தனை பேர்தான் என்று கோட்டா போட்டுக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. போன அண்ணனும் இருந்த தங்கையும் இனிமேல் சந்திப்பார்களா என்பதே சந்தேகம். அதனால் படம் போனது. குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் ஒரு படம், நிச்சயம் ஆனதும் ஒரு படம், புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டையாகவே குடும்பப் படம். பின்பக்கம் இத்திஷ் மொழியிலோ எபிரேயத்திலோ நாலு வரி: அன்புள்ள இன்னாருக்கு, நினைவாக, ஊர், தேதி. முன்பக்கத்து முகம் யாருடையது என்று பின்னாளில் கண்டுபிடிக்க முடிந்ததென்றால் பல நேரம் அந்தக் கிறுக்கல் எழுத்தால்தான். பத்திரப்படுத்த வேண்டும், வரலாறு ஆகும் என்று நினைத்தா அனுப்பினார்கள்? ‘பிள்ளை எப்படி வளர்ந்திருக்கிறான் பார்’ என்று காட்ட அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

காட்ஸ் தம்பதியின் பேத்தி யாஃபா எலியாக். சிறுமியாக ஒளிந்து உயிர் பிழைத்தவர், பின்னாளில் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் பேராசிரியர். 1979இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் அமைத்த ஆணையத்தோடு கிழக்கு ஐரோப்பாவின் முகாம்களையும் சாவுக்குழிகளையும் பார்க்கப் போனார். இவர்கள் செத்த விதத்தை மட்டுமே உலகம் நினைவில் வைத்திருக்கப் போகிறதா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் ஊர் ஊராக, நாடு நாடாக, ஐஷிஷோக்கிலிருந்து போனவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். சேர்ந்தவை ஏறக்குறைய 6,000 படங்கள். தபாலில் நாலு திசைக்கும் சிதறியவற்றை ஒருவர் உட்கார்ந்து திரும்ப ஒரே ஊராக்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. அவற்றில் சுமார் 1,000 படங்கள் வாஷிங்டனில் 1993இல் திறந்த படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் மூன்று மாடி உயரக் கோபுரமாக நிற்கின்றன. நடுவில் ஒரு பாலத்தில் நடந்துபோக வேண்டும். தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் முகங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூத வாழ்க்கை என்றதும் உலகுக்கு அதிகம் தெரிந்த படங்கள் ரோமன் விஷ்னியாக் எடுத்தவை. 1935 முதல் 1938 வரை, அமெரிக்க யூத நிவாரண அமைப்பு ஒன்றுக்காகப் போய் எடுத்தார். நிதி திரட்டத்தான் படம் தேவைப்பட்டது, ஆகவே கிழிந்த கோட்டும் தாடி வைத்த கிழவரும் நிலவறை வீட்டுக் குழந்தையும் அதிகம் வெளிவந்தன. அற்புதமான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய நெகட்டிவ்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, வசதியாக, நவீனமாக வாழ்ந்த யூதர்களையும் அவர் எடுத்திருந்தது தெரிந்தது. அவை பெட்டியிலேயே கிடந்தன. இரக்கம் சம்பாதிக்க எடுத்த படத்தில் சைக்கிள்காரப் பையனுக்கு இடமில்லை. ஆல்டே காட்ஸிடம் அவனுக்கு இடம் இருந்தது, ஏனென்றால் அவன் காசு கொடுத்த வாடிக்கையாளர்.

இன்னும் சங்கடமான படங்களும் உண்டு. போலந்தின் வூட்ஜ் நகரத்து கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலையில் இருந்த யூதர் ஹென்ரிக் ராஸ், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் பட்டினியையும் நாடுகடத்தலையும் மறைவாக எடுத்தார். 1944இல் நெகட்டிவ்களை மண்ணில் புதைத்தார், 1945 மார்ச்சில் தோண்டினார். ஈரம் பட்டுப் பாதி போய்விட்டது, பாதி தப்பியது. அதில் கெட்டோவுக்குள் போலீஸ் வேலை பார்த்த யூதர்களின் குடும்பங்களில் நடந்த விருந்துகளும் கல்யாணங்களும் நல்ல சோறு சாப்பிட்ட குழந்தைகளும் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் பட்டினிச் சாவு. அந்தப் படங்கள் நெடுங்காலம் அதிகம் வெளியே வரவில்லை, காரணம் புரிகிறது. என் கட்சி என்னவென்றால் அவையும் ஆல்பத்தில் இருக்கட்டும். யாரோடு யார் சண்டை, யார் வீட்டில் விருந்து என்பதெல்லாம் சேர்ந்ததுதானே ஒரு சமூகம். அந்தக் கொழுகொழுக் குழந்தைகளையும் நாஜிகள் விட்டுவைக்கவா போகிறார்கள்?