தடம் பார்க்கிறவரும் கங்காணியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இங்கே பேசுவதற்காக இன்று காலை கம்பத்தில் பஸ் ஏறியதுமே சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, லைவ் லொகேஷன் போட்டு விடுங்க, எங்க வர்றீங்கன்னு பார்த்துக்கிறேன்" என்றாள். போட்டு விட்டேன். உசிலம்பட்டியில் பஸ் டீக்கு நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "என்னப்பா, ஒரே இடத்துல நிக்கிறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" வாயில் வடை. பதில் சொல்லத் தாமதமானது. அதற்குள் அவள் பாதி பயந்துவிட்டாள்.

அவளுடைய திரையில் நான் ஒரு நீலப் புள்ளி. புள்ளி நிற்கிறது என்பது தெரிகிறது, வடை தெரியவில்லை.

என் தாத்தாவுக்குப் புள்ளி கிடையாது. மண்தான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வலத்துக் காளையைக் காணவில்லை. தும்புக் கயிறு அறுந்து கிடந்தது. பாட்டி வாயில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தாத்தா போட்ட சத்தம் பாட்டிக்குத்தான்: "ஒருத்தரும் வாசல்ல கால வைக்காதீங்க!"

அப்புறம் குனிந்தார். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும் என்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடத் தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு. எங்கள் காளைக்குப் பின்னங்காலில் ஒரு தகடு விழுந்து நாலைந்து நாளாகியிருந்தது. லாடக்காரர் இன்னும் வரவில்லை. ஒரு பாதி கூர்மையாகவும் மறுபாதி மழுங்கலாகவும் பதிந்த அந்தத் தடத்தை வாசலிலேயே பிடித்துவிட்டார். வண்டிப்பாதையில் நூறு மாடு நடந்திருந்தது. அதில் எங்கள் மாட்டை மட்டும் அவர் கண் பிரித்து எடுத்துக்கொண்டே போனது. நான் பின்னாலேயே போனேன்.

வழியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூத்திரம் பின்னங்கால் தடத்துக்கு முன்னால் விழுந்திருந்தால் காளை, பின்னால் விழுந்திருந்தால் பசு. நின்று போட்ட சாணி வட்டமாகக் குவிந்திருக்கும், நடந்தபடி போட்டது நீளமாகச் சிதறும். தடத்துக்கு மேலே ராப்பூச்சி ஊர்ந்த கோடு ஓடியிருக்கிறது. அப்படியென்றால் பூச்சி நடமாடுவதற்கு முன்பே, முன்னிரவிலேயே மாடு இந்த வழியைக் கடந்துவிட்டது. மாட்டுத் தடத்தை ஒட்டி ஒரு வெறுங்கால் தடம். விரல் ஆழம், குதிகால் லேசு: ஆள் எட்டிப்போட்டு நடந்திருக்கிறான்.

முல்லையாற்றங்கரைக்கு வந்ததும் தாத்தா நெடுநேரம் நின்றார். மாட்டின் நாலு காலும் ஒரே இடத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் அந்த ஆளின் இரண்டு காலும் சேர்ந்தாற்போல. "தண்ணி காட்டியிருக்கான்" என்றார். "அவசரத்துலயும் தண்ணி காட்டியிருக்கான். அடிச்ச மாதிரியும் தெரியல, மாடு எங்கயும் திமிறல. மாடு வச்சுப் பொழைக்கிறவன்தான்டா."

மாடு மூன்றாம் நாள் கிடைத்தது. இடையில் ஒருவர் வந்து பேசினார், துப்புக்கூலி கைமாறியது. காணாமல் போன மாட்டை மீட்டுத் தருவதற்குக் கொடுக்கிற பணத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அதை வாங்குகிறவருக்கும் திருடினவனுக்கும் என்ன உறவு என்று கேட்கிற வழக்கம் இல்லை. தாத்தாவும் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

பார்க்காத ஒன்றை இப்படிப் பார்த்த மாதிரி சொல்கிறவரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. தமிழில் அதை அலகாபுரி ராஜா கதையாகச் சொல்வார்கள். ஒட்டகத்தைத் தொலைத்த வியாபாரி வழியில் நாலு இளைஞர்களைப் பார்த்து விசாரிக்கிறான். ஒருவன், "ஒரு கால் நொண்டியா?" என்கிறான். அடுத்தவன், "வலது கண் தெரியாதோ?" மூன்றாமவன், "வால் குட்டையா?" நாலாமவன், "வயிற்று வலியோ?" எல்லாம் சரி. "அப்படியென்றால் ஒட்டகம் எங்கே?" "நாங்கள் பார்க்கவே இல்லை." வியாபாரி விடுவானா? நேரே ராஜாவிடம் இழுத்துக்கொண்டு போகிறான்.

அங்கே விளக்கம் வருகிறது. மூன்று கால் தடம் அழுத்தமாக, ஒன்று லேசாக. வழியில் இடப்பக்கத்து இலைகளை மட்டுமே தின்றிருக்கிறது. மண்ணில் பொட்டுப் பொட்டாக ரத்தம். கடிக்கிற கொசுவையும் ஈயையும் விரட்ட வால் போதவில்லை. முன்னங்கால் ஆழமாகவும் பின்னங்கால் பட்டும் படாமலும் பதிந்திருப்பதால் வயிற்றைப் பிடிக்கிற வலி.

இந்தக் கதை ஊர் ஊராகப் போயிருக்கிறது. செரந்தீப் நாட்டு மூன்று இளவரசர்கள் கதையாக 1557ல் வெனிஸ் நகரத்தில் இத்தாலிய மொழியில் அச்சாகியிருக்கிறது. செரந்தீப் என்பது அராபியர் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். அந்த இளவரசர்களை நினைத்துத்தான் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754ல் ஒரு கடிதத்தில் செரண்டிபிட்டி என்ற சொல்லை உண்டாக்கினார். தேடாதது கையில் சிக்குகிறதே, அதற்கு. கார்லோ கின்ஸ்பர்க் என்ற இத்தாலிய வரலாற்றாசிரியர் 1979ல் இன்னும் ஒரு படி மேலே போனார். முதன்முதலில் கதை சொன்னவனே வேட்டைக்காரனாக இருக்கலாம் என்றார். பேசாத தடங்களைக் கோத்து, 'இந்த வழியாக ஒன்று போயிருக்கிறது' என்று சொல்ல அவனுக்குத்தானே தெரிந்திருந்தது? என் தாத்தாவின் பின்னால் நடந்தவனுக்கு இதை நம்புவதில் சிரமம் இல்லை.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. அளவுக்கு மீறித் தெரிந்துவைத்திருக்கிறான் என்பதாலேயே தடம் பார்த்தவன் மேல் சந்தேகம் விழுகிறது. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டு, கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்து வருகிறார்கள். இன்று நான் போனில் செருப்பு விலை பார்த்தால் அடுத்த ஒரு வாரம் போகிற பக்கமெல்லாம் செருப்பு விளம்பரம் வருகிறது. யாரையும் யாரும் ராஜாவிடம் இழுத்துப் போகவில்லை.

இங்கே சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ட்ராக்கிங் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேலைகளைப் போட்டு அடைத்துவிட்டோம். தமிழில் அவை தனித்தனி. ஒன்று தடம் பார்ப்பது: ஆள் போன பிறகு, அவன் விட்டுப்போனதை வைத்துப் படிப்பது. இன்னொன்று கண்காணிப்பது: ஆள் இருக்கும்போதே அவன் மேல் கண் வைத்திருப்பது. மேகமலை எஸ்டேட் பக்கம் போனால் கங்காணி என்ற சொல் இன்னும் காதில் விழும். கண்காணிதான் கங்காணி ஆனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் ஆட்கள் போனபோது இந்தச் சொல்லும் கூடவே போனது. கங்காணிக்குத் தடம் படிக்கத் தெரியவேண்டியதில்லை, ஆள் நிரையில் நிற்கிறானா என்று தெரிந்தால் போதும்.

தாத்தாவைச் சொன்னதால் தடம் பார்ப்பதெல்லாம் தவறாத கலை என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் பல ஆண்டுகள் புலிகளையே காலடித் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். தடத்தின் மேல் கண்ணாடிச் சட்டத்தை வைத்து, பின் இடது காலின் வடிவத்தைத் தாளில் வரைந்து, இது ஒன்று, இது இன்னொன்று என்று கணக்கு. ஒரே புலி சேற்றில் நடந்தால் ஒரு அளவு, மணலில் நடந்தால் ஒரு அளவு. வரைகிறவர் கையைப் பொறுத்தும் மாறும். ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் தாளில் புலிகள் இருந்தன, 2005ல் தேடியபோது காட்டில் ஒன்றுகூட இல்லை. வேட்டையாடி முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தானியங்கி கேமரா நாடு முழுதும் வந்தது. புலியின் வரி நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. கேமரா அதைப் படம் பிடித்துவிடும்.

கருவி தோற்ற இடத்தில் கண் ஜெயித்ததும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சின்ன விலங்குகளையெல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. 2016ல் பரிசு அறிவித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு மாதம் வேட்டைக்கு விட்டார்கள். கிடைத்தது 106 பாம்பு. 2017 தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்று இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடி நீளம். தெரியாத நாடு, தெரியாத புல். புல் மடிந்த விதம், உரித்த சட்டை, எச்சம், இவற்றைப் பார்த்தே போனார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே 2023ல்தான் எங்கள் ஊருக்கு அரிக்கொம்பன் வந்தான். மலையாளத்தில் அரி என்றால் அரிசி, கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கியவன். ஏப்ரல் 29ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27, சனிக்கிழமை காலையில் கம்பத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். நான் மாடியிலிருந்து பார்த்தேன். முதலில் சத்தம், அப்புறம் ஜனம், அப்புறம்தான் யானை. அன்று அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார்.

அந்த வாரம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு: "சிக்னல் எங்க காட்டுதாம்?" காலர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லும். அடர்ந்த காட்டுக்குள் போனால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஒரு நாள் வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் வனத்துறைக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்தார். அந்த நூலை இரண்டு மடங்காக்கினால் கிட்டத்தட்ட யானையின் தோள் உயரம் வந்துவிடும். பிறகு அடுத்த தடத்துக்கு நகர்ந்தார். பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுந்திருந்தது, வேக நடை. கிளை ஒடித்துத் தின்ற அடையாளம் இரண்டு பக்கமும் இல்லை.

"மேயவே இல்ல சார்" என்றார் என்னிடம். "வழி தேடிக்கிட்டே போயிருக்கு."

எனக்கு முல்லையாற்றங்கரை ஞாபகம் வந்தது. ஜூன் 5ல் மறுபடி ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் மேல் கோதையாறுக்கு லாரியில் கொண்டுபோனார்கள்.

காலர் போட்டதில் தப்பில்லை. அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேருக்கு அடிபட்டிருக்குமோ. நம் சட்டைப் பையில் இருப்பதும் அதே சாதிதான் என்றாலும் ஒரு விஷயத்தைப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். மேலே பறக்கிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. அது நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. குறைந்தது நாலு செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டு நம் போன்தான் இடத்தைக் கணக்குப் போடுகிறது. இந்த வானொலி மாதிரிதான்: நான் பேசுகிறேன், நீங்கள் மாவாட்டிக்கொண்டோ பஸ்ஸிலோ கேட்கிறீர்கள், யார் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பாதியில் அணைத்தாலும் தெரியாது. நல்லதுதான். போன் டவரோடு வைத்திருக்கும் உறவு அப்படி இல்லை. பேசாவிட்டாலும் அவ்வப்போது 'இங்கே இருக்கிறேன்' என்று பதிவு செய்துகொள்ளும். அதற்குமேல் நாமே அனுமதி கொடுத்த செயலிகள். இணையதளம் விட்டுவைக்கிற குக்கி என்கிற சின்னக் குறிப்பு 1994ல் நெட்ஸ்கேப்பில் பிறந்தபோது, கடைக்கு மறுபடி வருகிறவரின் கூடையில் என்ன இருந்தது என்று நினைவு வைப்பதுதான் வேலை. இப்போது பார்த்தால் பல கங்காணிகள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள்.

போன பிப்ரவரியில் மகள் வீட்டுக்குத் திருவான்மியூர் போயிருந்தபோது ஒரு ராத்திரி ஆமை நடைக்குப் போனேன். 1988 முதல் மாணவர்கள் நடத்துகிற நடை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கவேண்டும், முட்டையிட வரும் பங்குனி ஆமையைத் தேடி. ஆமையைப் பார்ப்பது அபூர்வம், தடம்தான் கிடைக்கும். கடலிலிருந்து மேலே ஏறிய கோடு ஒன்று, இறங்கிய கோடு ஒன்று, நடுவில் கலைந்த மணல். கூட வந்த பையன் அங்கே மண்டியிட்டு மெல்லக் குச்சி இறக்கினான். ஒரு இடத்தில் மட்டும் மணல் சட்டென்று இளகிக்கொடுத்தது. கையால் தோண்டி நூற்றுச் சொச்சம் முட்டைகளைப் பையில் எடுத்துக்கொண்டான். பொரிப்பகத்துக்குப் போகும்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு தடம். பாதி ஏறி, வளைந்து, அப்படியே திரும்பியிருந்தது. குழி இல்லை. பையன் எதிரே சாலையோரத்து வெள்ளை விளக்கைக் காட்டினான். "வெளிச்சத்தப் பார்த்து மிரண்டிருக்கும் சார்."

கிளம்பும் முன் இரண்டு தடங்களின் மேலும் காலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"ஏன் தம்பி அழிக்கிற?"

"எண்ணியாச்சு சார். விட்டா நாளைக்கு வர்றவங்க இதையே திரும்ப எண்ணிருவாங்க."

நன்றி. வணக்கம்.