மடங்கிப்போன இரண்டு விரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டைப் பொத்தான் போடும்போது எந்த விரல் என்ன செய்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. விரல்கள் தாமாகவே செய்துவிடுகின்றன. ஒருநாள் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டால்? வலி இல்லை, வீக்கம் இல்லை, சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 36 வயதில் இதுதான் நடந்தது.

அவர் எந்த உயரத்தில் இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் பெரும் பியானோ மேதை ஆர்ட்டர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தார். அவ்வளவு சின்னப் பிள்ளைகளை ஷ்னாபெல் சேர்த்துக்கொள்வதே இல்லை, இவரைச் சேர்த்துக்கொண்டார். 1944இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் மேடையேறினார். 1952இல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் ராணி இசைப் போட்டியில் முதல் பரிசு. அமெரிக்கர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. பிறகு ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவோடு பீத்தோவனின் ஐந்து பியானோ கன்சர்ட்டோக்களையும், அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளையும், பதிவு செய்தார்.

அதே குழுவோடு சோவியத் ரஷ்யாவுக்குப் போக வேண்டிய சமயத்தில்தான் விரல்கள் மடங்கின. நாம் எல்லோரும் என்ன செய்வோமோ அதையேதான் அவரும் செய்தார்: இன்னும் அதிகமாகச் சாதகம் பண்ணினார். அது நிலைமையை மோசமாக்கியது. கோளாறு விரலில் இல்லை. விரல்களுக்குக் கட்டளை அனுப்பும் மூளையில் இருந்தது. ஃபோகல் டிஸ்டோனியா என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக்கூட அவர் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததை அவரே சொல்லியிருக்கிறார்.

இனி இடது கை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் சீக்கிரம் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுலபமான காரியத்தை 'இடது கை வேலை' என்கிறோம். வருடக்கணக்கில் பியானோ சொல்லிக்கொடுக்கும் நான் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. உங்கள் இடது கையை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரல் வலது பக்கமாக இருக்கிறதா? பியானோவில் வலது பக்கம் போகப் போகச் சுருதி ஏறும். அதனால் இடது கையில் இருப்பதிலேயே உயர்ந்த ஸ்வரம் கட்டைவிரலுக்கு வருகிறது. நம்மிடம் உள்ளதிலேயே பலமான விரல் அது. பாட்டை அது பாடும், மற்ற நான்கும் கீழே தாங்கும். ஆழத்தில் ஒரு ஸ்வரத்தைத் தட்டி, காலால் பெடலை மிதித்து அது அணையாமல் வைத்துக்கொண்டு, கை அப்படியே மேலே தாவிவிடும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு கை வாசிப்பதாகச் சத்தியம் செய்வீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இடது கை கன்சர்ட்டோவைக் கேட்டுப் பாருங்கள். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதியது. இசைக்குழு அடிவயிற்றிலிருந்து முனகுவது போல ஆரம்பிக்கும், பிறகு பியானோ தன்னந்தனியாக எழும்பும். ஒரே ஒரு கை! ஃப்ளைஷருக்கு முதலில் இந்த இசையைத் தொடவே மனம் வரவில்லை. தொட்ட பிறகு உலகமெங்கும் வாசித்தார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது மேடை அல்ல, வகுப்பறை. பால்டிமோரின் பீபாடி இசைப்பள்ளியில் 1959 முதல் சொல்லிக்கொடுத்தார். கை நன்றாக இருந்தவரை மாணவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே வாசித்துக் காட்டலாம். கை போனதும் அந்த வழி அடைபட்டது. எல்லாவற்றையும் வார்த்தையால் சொல்லியாக வேண்டும். கட்டையைத் தொடும் முன்பே ஸ்வரம் காதுக்குள் கேட்டுவிட வேண்டும் என்பது ஷ்னாபெல் தந்த பாடம். அதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் சொல்கிறேன்: முதலில் காது, பிறகுதான் விரல்.

1982இல் ஒருமுறை இரண்டு கையாலும் மேடையேறிப் பார்த்தார். கை இன்னும் சரியாகவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. தொண்ணூறுகளில்தான் போடாக்ஸ் ஊசியும் தசைகளை நீவித் தளர்த்தும் சிகிச்சையும் அந்த விரல்களைப் பிரித்துவிட்டன. முழுக் குணம் இல்லை. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். 2004இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே 'இரு கைகள்'. அதில் ஷூபர்ட்டின் பி ஃபிளாட் சொனாட்டா இருக்கிறது, பல பகுதிகள் கொண்ட ஒரு பியானோ படைப்பு. மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியை மட்டுமாவது கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டெமித்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன். விட்கென்ஸ்டைனுக்காக 1923இல் அவர் எழுதிய இடது கைப் படைப்பை விட்கென்ஸ்டைன் வாசிக்கவே இல்லை. விட்கென்ஸ்டைனின் மனைவி காலமான பிறகுதான் அந்தப் பிரதி வெளியே வந்தது. 2004 டிசம்பரில் பெர்லினில் அதை முதன்முதலாக மேடையில் வாசித்தவர் 76 வயது ஃப்ளைஷர். இரண்டு கையும் திரும்பி வந்த பிறகும், இடது கையால் மட்டும்.

நன்றி, வணக்கம்.